தடுப்பதும் விடுப்பதும் ஒரே சொல்லா?
(ஆங்கிலத் திருமறையில் எதிர்ப்பொருட் சொற்கள்)

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்த மாணாக்கர் ஒருவர் வகுப்பில் எழுந்து, "ஐயா, பார்வோன் இங்கே மோசேயைக் கடிந்துகொள்கிறானா, அல்லது மோசே கேட்டதையே அவரிடம் திருப்பிக் கேட்கிறானா?" என்று வினவினார். அவர் கையில் இருந்தது 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு. அவ்வதிகாரத்தின் முதல் வசனத்தில், இஸ்ரவேலரைப் போகவிட வேண்டும் என்னும் கர்த்தருடைய கட்டளையை மோசேயும் ஆரோனும் அரசனுக்கு அறிவிக்கின்றனர். அங்கே 'லெட்' என்னும் ஆங்கில வினை 'விடு' என்று பொருள்படுகின்றது. மூன்று வசனங்கள் கழித்து, மக்களை அவர்கள் வேலையினின்று ஏன் தடுக்கிறீர்கள் என்று பார்வோன் அவ்விருவரையும் அதட்டுகிறான். அங்கும் அதே 'லெட்' வருகின்றது. ஆனால் பொருளோ 'தடு' என்பதாம். எபிரேய மூலத்தில் இவ்விரண்டு இடங்களிலும் வெவ்வேறு வினைகளே உள்ளன. ஒரே பக்கத்தில் ஒரே சொல் விடுவிக்கவும் தடுக்கவும் செய்வதைக் கண்ட மாணாக்கர் திகைத்தது நியாயமே.

ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் பல உள. உரோமரின் இருமுகத் தெய்வமாகிய ஜேனஸின் பெயரால் இவற்றை 'ஜேனஸ் சொற்கள்' என்று வழங்குவோரும் உண்டு. நாம் எதிர்ப்பொருட் சொற்கள் எனலாம். இவை சொல்விளையாட்டுக்கு ஏற்ற வேடிக்கைப் பொருளாக மட்டும் இருந்திருப்பின் இவ்விதழில் இடம்பெறத் தகுதியற்றவையே. ஆனால் நம் போதகர்களுள் பலர் பிரசங்கம் ஆயத்தம் செய்கையில் தமிழ்த் திருமறையை ஒருபுறமும் ஆங்கிலத் திருமறையை மறுபுறமும் வைத்துக்கொள்கின்றனர். இரண்டும் வேறுபடும்போது ஆங்கிலமே மூலத்திற்கு நெருங்கியது என்று பெரும்பாலும் ஆராயாமலே முடிவு செய்துவிடுகின்றனர். இந்தப் பழக்கத்திற்கு நானும் விலக்கல்லேன் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

'லெட்' என்பது உண்மையில் ஒரு சொல் அன்று. பிறப்பால் வேறான இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் 'விடு' எனப் பொருள்படுவது ஒன்று, 'தடு' எனப் பொருள்படுவது மற்றொன்று. பின்னது, தாமதத்தைக் குறிக்கும் 'லேட்' என்னும் சொல்லுக்கு உறவு. ஒருவனைத் தாமதப்படுத்துவது அவனைத் தடுப்பதுதானே. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல விகுதிகள் தேய்ந்து இரண்டும் ஒரே வடிவம் பெற்றன.

'கிளீவ்' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. ஒட்டிக்கொள்ளுதல் எனவும் பிளத்தல் எனவும் அது பொருள் தரும். ஆதியாகமம் 2:24இல் கணவன் மனைவியோடு இசைந்திருப்பதைக் குறிக்கவும், அதே நூலின் 22:3இல் ஆபிரகாம் தகனபலிக்குக் கட்டைகளைப் பிளந்ததைக் குறிக்கவும் ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பில் இச்சொல்லே வருகின்றது. இறந்தகால வடிவம்கூட வேறுபடுவதில்லை. ரூத் நகோமியைப் பற்றிக்கொண்டபோதும் 'கிளேவ்', ஆபிரகாம் கட்டையைப் பிளந்தபோதும் 'கிளேவ்'. எபிரேயத்தில் முன்னதற்கு 'தாவக்', பின்னதற்கு 'பாகா'. ஒன்றுக்கொன்று எவ்விதத் தொடர்புமற்ற வேர்கள். பழைய ஆங்கிலத்திலும் இவை இரண்டு தனி வினைகளாகவே இருந்தன. ஜெர்மானிய மொழியில் இன்றும் ஒட்டுவதற்கு 'கிளேபன்', பிளப்பதற்கு 'கிளீபன்' என்று அவை பிரிந்தே நிற்கின்றன.

திருமண ஆராதனையொன்றில் அருளுரை ஆற்றிய நண்பர் ஒருவர், தாய் தகப்பனிடமிருந்து பிளவுண்டு மனைவியோடு ஒட்டிக்கொள்ளும் இரகசியம் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியுள்ளது என்று உருக்கமாக விளக்கினார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அவ்விரகசியம் மோசேயின் நூலில் இல்லை. இங்கிலாந்தில் ஒலிகள் தேய்ந்த விபத்தில் உண்டாயிற்று. ஆதியாகமத்தின் ஆசிரியர் அறியாத ஒன்றை அவர் வாயில் வைக்க நமக்கு உரிமை இல்லை.

அறிஞர்களும் இவ்வகை மயக்கத்திற்குத் தப்பவில்லை. ஆதிகால மனிதன் எதிர்ப்பொருள்களை ஒரே சொல்லால் எண்ணினான் என்று கார்ல் ஆபெல் என்பார் 1884இல் எழுதினார். கனவுகளிலும் எதிர்மறைகள் ஒன்றாகவே தோன்றுகின்றன என்னும் தம் கொள்கைக்கு அதனைத் துணையாகக் கொண்டு சிக்மண்ட் ஃபிராய்ட் 1910இல் ஒரு கட்டுரை வரைந்தார். 1956இல் பிரெஞ்சு மொழியியலறிஞர் எமில் பென்வெனிஸ்த் ஆபெலின் சான்றுகளை ஆராய்ந்து, அவை நிற்கா என்று காட்டினார். உருவத்தில் ஒன்றாகக் காணப்படும் சொற்களின் தனித்தனி வரலாற்றை நோக்காமல் தத்துவம் எழுப்புவது மணல்மேல் வீடு கட்டுவதற்கு ஒப்பாகும்.

எனினும், எல்லா எதிர்ப்பொருட் சொற்களும் இவ்வாறு இரண்டு சொற்களின் சேர்க்கையால் வந்தவை அல்ல. ஒரே சொல் கிளைத்து எதிரெதிர்த் திசைகளில் வளர்ந்ததும் உண்டு. 'சாங்ஷன்' என்னும் சொல்லை நம் ஊர்களில் ஆங்கிலம் அறியாதவரும் அறிவர். கடன் சாங்ஷன் ஆயிற்று, விடுப்பு சாங்ஷன் ஆகவில்லை என்று பேசுகிறோம். ஒப்புதல் என்பதே பொருள். ஆனால் 1966இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை ரொடீசியா மீது விதித்த 'சாங்ஷன்' ஒப்புதல் அன்று, தடையும் தண்டனையுமாகும். இலத்தீனில் இதன் வேர் 'தூயதாக்கு, மீறக்கூடாததாக்கு' என்று பொருள்படும். பரிசுத்தவானைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. உரோமச் சட்டத்தில், ஒரு விதியை மீறுவோருக்குரிய தண்டனையைக் கூறும் பகுதிக்கு இப்பெயர் வழங்கிற்று. சட்டத்தை உறுதிப்படுத்துவதும் அதனை மீறினவனைத் தண்டிப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். பிற்காலத்தார் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டனர்.

இதனோடு ஒத்துநோக்கத்தக்கது 'டிவோட்டட்' என்னும் சொல். கடவுளுக்கெனத் தன்னை ஒப்புக்கொடுத்தவரைக் குறிக்கும் இச்சொல், முற்கால ஆங்கிலத்தில் அழிவுக்கென ஒப்புவிக்கப்பட்டதையும் குறித்தது. யோசுவா 6:17இல் எரிகோ பட்டணத்தைக் குறித்து எபிரேயத்தில் 'ஹேரெம்' என்றுள்ளது. மனித உபயோகத்தினின்று முற்றும் நீக்கப்பட்டுக் கர்த்தருக்கே உரியதாக்கப்பட்டது என்பது அதன் கருத்து. லேவியராகமம் 27:28இல் அவ்வாறு நேர்ந்துகொள்ளப்பட்டது மகா பரிசுத்தமானது. எரிகோவிலோ அது அழிக்கப்பட வேண்டியது. ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு எரிகோவைச் 'சபிக்கப்பட்டது' என்றது. 1885இல் நிறைவுற்ற திருத்திய மொழிபெயர்ப்பு 'டிவோட்டட்' என்று மாற்றியது. 1978இல் வெளிவந்த புதிய பன்னாட்டு மொழிபெயர்ப்பும் அச்சொல்லையே ஆள்கின்றது. மாற்றியவர்கள் எபிரேயத்திற்கு உண்மையாகவே இருந்தனர். ஆயினும் இன்று அச்சொல்லைக் கேட்கும் இளைஞன் எரிகோ நகரத்தார் பக்தியுள்ளவர்களாகிவிட்டனர் என்றல்லவா எண்ணுவான்! நம் தமிழ்த் திருமறையின் 'சாபத்தீடு' கடினமான சொல்தான். அதைக் கேட்டவன் விளங்காமல் விழிப்பானேயன்றித் தவறாக விளங்கிக்கொள்ளமாட்டான். விளங்காமை ஒருவனை அகராதியிடம் அனுப்பும். தவறான விளக்கம் நேரே பிரசங்கபீடத்திற்கு அனுப்பும்.

நமது ஊழியத்தையே தொடுவது 'ஓவர்சைட்' என்னும் சொல். 1 பேதுரு 5:2இல் மூப்பர்கள் மந்தையைக் கண்காணிக்க வேண்டும் என்னும் கட்டளையில் ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு இச்சொல்லை ஆள்கின்றது. ஆதியாகமம் 43:12இல், சாக்குகளின் வாயில் திரும்பி வந்த பணம் ஒருவேளை கைப்பிசகாய் வந்திருக்கும் என்று யாக்கோபு கூறுமிடத்திலும் அதே சொல். மேலிருந்து பார்ப்பதும் பார்வைக்குத் தப்புவதும் ஒன்றாகிவிட்டன. இதைத் தமிழர் எளிதில் உணரலாம். 'மேற்பார்வை' என்றால் பொறுப்போடு பார்த்தல். 'மேலெழுந்தவாரியாகப் பார்த்தல்' என்றால் பொறுப்பின்றிப் பார்த்தல். இரண்டிலும் இருப்பது ஒரே 'மேல்'. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நிர்வாகக் குழு ஆங்கிலத்தில் எழுதிய சுற்றறிக்கையைத் தமிழாக்கியவர், கணக்கில் நேர்ந்த தவறு குழுவின் மேற்பார்வையால் உண்டாயிற்று என்று எழுதிவிட்டார். ஆலயத்தில் அது வாசிக்கப்பட்டபோது எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. மொழிபெயர்ப்பு தவறுதான், ஆனால் சபையார் சிரித்ததற்குக் காரணம் அது மட்டும் அன்று.

வேறு சிலவற்றை விரைந்து கூறிவிடலாம். 'ஃபாஸ்ட்' என்பது அசையாமல் உறுதியாய் நிற்பதையும் விரைந்து ஓடுவதையும் குறிக்கும். உறுதியாக, பின்பு ஊக்கமாக, பின்பு வேகமாக என்று அது படிப்படியாக நகர்ந்தது. உபவாசத்தைக் குறிக்கும் சொல்லும் அதே வேரினதே. ஒரு நெறியை உறுதியாய்க் கைக்கொள்வது என்னும் கருத்தில் பிறந்தது. 'டஸ்ட்' என்னும் வினை அலமாரியினின்று தூசியைப் போக்குவதையும், பயிரின்மேல் மருந்துத் தூளைத் தூவுவதையும் குறிக்கும். இவற்றால் எவருக்கும் கேடு இல்லை.

நாட்டுக்கு நாடு பொருள் மாறும் சொல் ஒன்றையும் ஆலோசனைச் சங்கங்களில் அமர்வோர் அறிந்திருத்தல் நலம். ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் ஆங்கிலேயருக்கு அதனை உடனே விவாதத்திற்கு எடுத்தல். அமெரிக்கருக்கோ அதனை ஒத்திவைத்தல். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படைத்துறை அலுவலரும் இச்சொல்லினால் நீண்ட நேரம் கசப்புடன் வாதாடி, இறுதியில் இரு சாராரும் விரும்பியது ஒன்றையே என்று கண்டனர் என வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் குறித்துள்ளார். அமெரிக்க விருந்தினர் அமர்ந்திருக்கும் சங்கத்தில் நம் செயலாளர் இச்சொல்லைப் பயன்படுத்துமுன் ஒருகணம் சிந்திப்பாராக.

இதுவரை கூறிய சொற்களில் பெரும்பாலானவை இரு பொருளிலும் உயிரோடிருப்பவை. ஆகவே வாசிப்பவன் எச்சரிக்கையாக இருக்கிறான். சூழலும் துணை செய்கின்றது. உண்மையான இடர் வேறு வகையினது. இரு பொருள்களுள் ஒன்று இறந்துபோக, அதன் எதிரி மட்டும் உயிரோடு எஞ்சியிருக்கும் சொற்களே நம்மை வீழ்த்துபவை. பழைய நூலில் இறந்த பொருள் உறைந்து கிடக்கிறது, வாசிப்பவனோ உயிருள்ள பொருளையே கண்டு கடந்து செல்கிறான், ஐயம்கூட எழுவதில்லை. இதனைச் சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாராய்ச்சி நூலில், ஒரு சொல்லின் 'ஆபத்தான பொருள்' என்று குறிப்பிடுகின்றார். இன்று நம் மனத்தில் முதலில் தோன்றுவதும், அவ்விடத்தில் பொருந்துவதுபோலக் காட்டி நம்மை ஏமாற்றுவதும் அதுவேயாம். தமிழில் 'நாற்றம்' என்னும் சொல்லை நினைத்துப் பார்க்கலாம். சங்கப் புலவருக்கும் வள்ளுவருக்கும் அது நறுமணத்தையும் குறித்தது. இன்று துர்மணம் ஒன்றையே குறிக்கின்றது. பழம்பாடலில் தலைவியின் கூந்தல் நாற்றத்தைக் கண்டு மூக்கைப் பொத்துபவன் நிலையிலேயே, ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கிலத்தை வாசிக்கும் நாம் இருக்கிறோம். 1952இல் வெளியான திருத்திய தரமான மொழிபெயர்ப்பின் முகவுரை, இவ்வாறு பொருள் மாறிய சொற்கள் 300க்கு மேற்பட்டவை ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பில் உள்ளன என்கிறது.

தடுத்தற்பொருள் கொண்ட 'லெட்' அவற்றுள் ஒன்று. இன்று அது உயிரோடிருப்பது ஓரிரு மூலைகளில்தான். டென்னிஸ் ஆட்டத்தில் பந்து வலையில் உராய்ந்து விழுந்தால் அச்சொல்லைக் கூறி மீண்டும் அடிக்கச் செய்கின்றனர். நம் இந்தியக் கடவுச்சீட்டிலும், அதனைக் கொண்டுசெல்பவர் தடையின்றிச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்று குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்ளும் வாசகத்தில் 'தடை' என்பதற்கு அச்சொல்லே நிற்கின்றது. அயல்நாடு சென்று வந்த போதகர்கள் தம் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

இச்சொல் வரும் இடங்களுள் உரோமர் 1:13 அவ்வளவு இடர் தருவதன்று. உரோமாபுரிக்கு வரப் பலமுறை எண்ணியும் இதுவரை தடைபட்டதாகப் பவுல் கூறுவதை, இதுவரை அனுமதிக்கப்பட்டதாகக் கொண்டால் வாக்கியம் தானே தள்ளாடும், வாசகன் விழித்துக்கொள்வான். 2 தெசலோனிக்கேயர் 2:7 அப்படியன்று. அக்கிரமத்தின் இரகசியம் இப்போதே கிரியை செய்கிறது, அதனைத் தடைசெய்கிறவன் ஒருவன் நீக்கப்படும்வரை தடுத்துக்கொண்டிருப்பான் என்பது அதன் கருத்து. அத்தடைசெய்கிறவன் யார் என்பதில் ஆதிச் சபை முதல் கருத்து வேறுபாடு உண்டு. தெர்த்துல்லியன் அது உரோமப் பேரரசு என்று கருதினார். அவன் யாராயினும் தீமைக்கு அணையாக நிற்பவன் என்பதில் ஐயமில்லை. 'லெட்' என்பதை இக்காலப் பொருளில் கொள்வோமாயின், அணையாக நிற்பவன் மதகைத் திறந்துவிடுபவனாகிறான். தீமையைத் தடுப்பவன் தீமைக்கு இசைபவனாகிறான். வாக்கியமோ தள்ளாடாமல் நிற்கும். இருண்ட பகுதியாகையால் அதுவும் ஓர் இரகசியம் என்று நாம் ஒப்புக்கொண்டுவிடுவோம்.

இங்கே கிரேக்க மூலத்தில் உள்ள 'கட்டெகோ' என்னும் வினையும் இருமுகமுடையது என்பது குறிப்பிடத்தக்கது. 1 தெசலோனிக்கேயர் 5:21இல் நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்னுமிடத்தில் அது பற்றிக்கொள்ளுதல். இங்கே தடுத்து நிறுத்துதல். உரோமர் 1:18இல் ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பாளர் முதற்பொருளைக் கொண்டு, சத்தியத்தைப் பற்றியிருப்போர்மேல் தேவகோபம் வருவதுபோலத் தோன்றும்படி மொழிபெயர்த்தனர். தமிழ்த் திருமறை 'அடக்கிவைக்கிற' என்று பொருளைத் தெளிவாகவே காட்டுகின்றது.

இனி 'பிரிவென்ட்'. இலத்தீனில் இது 'முன்னே வருதல்' என்னும் பொருளது. முன்னே வருபவன் உதவவும் வரலாம், வழிமறிக்கவும் வரலாம். பதினேழாம் நூற்றாண்டில் இரண்டும் வழக்கில் இருந்தன. இன்று வழிமறித்தல் ஒன்றே எஞ்சியுள்ளது. சங்கீதம் 59:10இல் தேவன் தம் கிருபையோடு என்னை எதிர்கொண்டு வருவார் என்று பக்தன் கூறுவது, ஆங்கிலத்தில் இன்றைய செவிக்குத் தேவன் என்னைத் தடுப்பார் என்றாகிறது. மத்தேயு 17:25இல் பேதுரு பேசுமுன் இயேசு பேசினார் என்பது, பேதுருவை வாயடைத்தார் என்றாகிறது. 1662ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தில், நாங்கள் செய்யும் யாவற்றிலும் உமது தயை எங்களுக்கு முன்செல்லட்டும் என்று வேண்டும் பழைய ஜெபம் ஒன்று உண்டு. சொல்லுக்குச் சொல் இன்றைய பொருளில் எடுத்தால், நாங்கள் எதைச் செய்தாலும் தடுத்தருளும் என்று வேண்டியதாகும். சில குழுக்கூட்டங்களின் தொடக்கத்தில் அவ்வாறு வேண்டுவதும் தகும் போலும்! ஜான் வெஸ்லி போதித்த 'பிரிவென்டிங்' கிருபையைப் பாவத்தினின்று தடுக்கும் கிருபை என்று தேர்வுத்தாளில் எழுதிய மாணாக்கரை நான் கண்டதுண்டு. மனிதன் தேவனைத் தேடுமுன்னே அவனைத் தேடிவந்து, அவன் தேடுவதற்கும் ஆற்றல் அளிக்கும் கிருபையையே வெஸ்லி அவ்வாறு அழைத்தார்.

அம்மாணாக்கருக்கு மதிப்பெண் குறைத்தபோது என் மனச்சாட்சி என்னை உறுத்திற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் முதன்முதலாகச் சேகரப் பொறுப்பேற்றிருந்த காலம். கிராமத்துச் சபையில் ஒருவர் நோயுற்று இறந்தார். மூன்றாம் நாள் ஜெபக்கூட்டத்திற்குச் சென்றிருந்தபோது அவருடைய மனைவி என்னிடம், "ஐயா, நான் இப்படி ஓயாமல் அழுதால் அவருடைய ஆத்துமா போகமுடியாமல் தடைப்படும் என்று சொல்லுகிறார்கள். மெய்தானா?" என்று கேட்டார். அன்றைய வேதபாகம் 1 தெசலோனிக்கேயர் நான்காம் அதிகாரம். கர்த்தருடைய வருகைவரை உயிரோடிருக்கும் நாம் நித்திரையடைந்தவர்களுக்கு 'முந்திக்கொள்வதில்லை' என்று தமிழில் உள்ள சொல், ஆயத்தம் செய்தபோது எனக்குச் சுவையற்றதாகத் தோன்றியிருந்தது. ஆங்கிலத்தில் 'பிரிவென்ட்' என்றிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். அந்த அம்மையாரின் கேள்விக்கே எழுதப்பட்ட விடையன்றோ! ஆங்கிலத்தில் 'தடுப்பதில்லை' என்றே உள்ளது, உயிரோடிருக்கும் நம் கண்ணீர் மரித்தோரைத் தடுக்க இயலாது என்று உறுதியோடு பிரசங்கித்தேன். அவரும் கைகூப்பி ஏற்றுக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து, வேறொரு தேவைக்காகக் கிரேக்க அகராதியைப் புரட்டியபோதுதான் என் தவறு தெரிந்தது. 'ப்தானோ' என்னும் அவ்வினை முந்திச் செல்வதையே குறிக்கும். 1881இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடும் அவ்வாறே திருத்தியிருந்தது. நான் கூறிய ஆறுதல் பொய்யன்று. ஆனால் அது பவுல் கூறியதன்று. தெசலோனிக்கேய சபையாரின் துயரம் வேறு. கர்த்தருடைய வருகைக்கு முன் இறந்துபோனவர்கள் அம்மகிழ்ச்சியை இழந்து பின்தங்கிவிடுவார்களோ என்று அவர்கள் கலங்கினர். இல்லை, உயிரோடிருப்போருக்கு எவ்வித முன்னுரிமையும் இல்லை, மரித்தவர்களே முதலாவது எழுந்திருப்பார்கள் என்று அப்போஸ்தலன் தேற்றுகிறான். கணவனை முன்னே அனுப்பிவிட்டு நின்ற ஒரு பெண்ணுக்கு இதனினும் சிறந்த வார்த்தை எது? அதை நான் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் வந்துவிட்டேன்.

முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். அதே பகுதியை வாசித்து, சென்ற முறை நான் கூறியது பிழை என்று சபையார் முன் ஒப்புக்கொண்டு, 'முந்திக்கொள்வதில்லை' என்பதை விளக்கினேன். ஆராதனை முடிந்தபின் அந்த அம்மையார் தம் வேதாகமத்தை விரித்தபடியே என்னிடம் வந்தார். அவ்வசனத்தின்கீழ்ப் பென்சிலால் கோடு இழுக்கப்பட்டிருந்தது, கோடு பழையது.

"இதில் முன்னமே அப்படித்தானே போட்டிருக்கிறது, ஐயா? நான் இதைத்தான் தினமும் வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அன்றைக்குச் சொன்னது இங்கிலீஷ் வேதத்தில் மட்டும் இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.